மீன் தட்டு யாருக்கு

வண்டிகள் மூச்சை முகர்ந்து பார்க்கத் தொடங்கிய பிறகு தூத்துக்குடியில் ஜெபசிங்குக்கு மவுசு ஏறிவிட்டது.

அவன் குடிக்காதவன். முன்பெல்லாம் நண்பர்கள் அவனுக்குத் தெரியாமல் பாருக்கு நழுவுவார்கள். "அவன் பாட்டிலைத் தொடமாட்டான்ல, பொரிச்ச மீனைத்தான் காலி பண்ணுவான்" என்பான் செல்வின். இப்போது ஓட்டுகிறவன் மூச்சில் லேசாக வாசம் அடித்தாலும் கார் நகராது. அதனால் ஜெபசிங் இல்லாமல் யாரும் கிளம்புவதே இல்லை. மீன் தட்டும் முதலில் அவன் பக்கம்தான் போகும்.

அந்த ஞாயிறு மதியம் பாரில் அவன் தட்டைத் தள்ளிவைத்தான்.

"தங்கச்சிக்குக் கல்யாணம் முடிவாயிட்டு. இன்னைக்கு எனக்கும் ஒரு பீர் சொல்லுங்க."

எதிரே இருந்த நண்பர்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அப்ப யாருல வண்டி எடுக்கது?" என்றான் ரூஸ்வெல்ட்.

"எனக்கென்ன தெரியும்? இவ்வளவு நாள் நான் எடுத்தேன்லா?"

கடைசியில் செல்வின் தன் முன்னால் இருந்த இன்னும் ஊற்றாத கிளாஸைக் கவிழ்த்து வைத்தான். ஜெபசிங்கின் சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டான். பிறகு மீன் தட்டைத் தன் பக்கம் இழுத்தான்.

பீர் வந்தது. ஜெபசிங் ஒரு மடக்கு குடித்தான். அவன் முகம் கோணியது.

"இந்தக் கசாயத்துக்காகவா அப்ப என்னய விட்டுட்டு வந்திய?"

செல்வின் வாய் நிறைய மீன் இருந்தது.