முப்பது குடம்

"இறைச்ச தண்ணியெல்லாம் எங்கே போச்சு? உண்மையைச் சொல்லு!"

ஆஸ்பத்திரி எழுத்தர் நாகராஜன் சத்தம் போட்டான். காசம்மாள் இடுப்பில் குடத்தோடு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

பாகூர்ப் பக்கத்தில் ஒரு பண்ணைக்காரர் கட்டிவிட்ட சின்ன ஆஸ்பத்திரி அது. ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை. இரண்டு ஜன்னலிலும் வெட்டிவேர்த் தட்டி. வெளியிலிருந்து அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் அக்கினி வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று காற்று வரும்.

அந்த வருஷம் கிணறு வற்ற ஆரம்பித்துவிட்டது. பிரெஞ்சுக்கார டாக்டர் துரை நாகராஜனைக் கூப்பிட்டு இரண்டு தெர்மாமீட்டர்களைக் கையில் கொடுத்தார்.

"ஒரு தட்டிக்கு நாளைக்கு முப்பது குடம்தான். எந்தத் தட்டி எவ்வளவு சூட்டைக் குறைக்கிறது என்று அளந்து எழுது. வேர் மக்கியிருந்தால் தட்டியை மாற்றிவிடலாம். தண்ணீர் வீணாகக் கூடாது."

நாகராஜனுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாள், மத்தியானம் இரண்டு மணிக்கு, ஏதோ கோயில் பூஜை மாதிரி அளந்தான்.

வெளியே நாற்பது டிகிரி. ஆண்கள் அறையில் முப்பத்திரண்டு. பெண்கள் அறைக்குள் போக முடியாது. வாசலில் நின்றபடியே கதவோரம் தொங்கவிட்ட தெர்மாமீட்டரை எட்டிப் பார்த்தான். முப்பத்தேழு! மூன்று நாளும் இதே கதைதான்.

தட்டியை முகர்ந்து பார்த்தான். இரண்டும் பங்குனியில் கட்டிய புது வேர், வாசனைகூடப் போகவில்லை. கிணற்றடியில் நின்று எண்ணினான். ஆண்கள் பக்கத்துப் பச்சையப்பனும் பெண்கள் பக்கத்துக் காசம்மாளும் ஆளுக்கு முப்பது குடம்தான் இறைத்தார்கள்.

தட்டியில் குறை இல்லையென்றால் யாரிடம் குறை? அதைக் கண்டுபிடிக்கத் துரை எதற்கு, நாகராஜனே போதும்.

"உங்க சேரியில கிணறு காஞ்சு போச்சு. இங்கேருந்து கொண்டு போறே, அப்படித்தானே?"

"ஒரு சொட்டுகூட வூட்டுக்கு எடுத்துக்கினு போவலீங்க சாமி."

"அப்போ எங்கேதான் ஊத்தினே?"

அவள் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த பச்சையப்பனும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நாகராஜனின் அப்பா தங்கவேல் அந்த ஆண்கள் அறையில்தான் ஒரு மாதமாகக் கிடந்தார். உடம்பெல்லாம் எரிச்சல். வந்த அன்றைக்கே மகனிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: "துரை அவளைக் கிணத்துல இறைக்க வுட்டது வுட்டாரு. என் ஜன்னலாண்ட மட்டும் அவ வரக் கூடாது. அவ கை பட்ட தண்ணி என் தட்டியில விழக் கூடாது." ஆள் பிரித்துவிட்டதே அதனால்தான்.

நல்லவேளை, அப்பா பக்கம் பச்சையப்பன் இருக்கிறான் என்று நாகராஜன் நினைத்துக்கொண்டான்.

"நாளையிலேருந்து நீ வர வேண்டாம்" என்றான்.

காசம்மாள் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் பச்சையப்பனே இரண்டு தட்டிக்கும் முப்பது முப்பதாக ஊற்றினான். இரண்டு மணிக்கு நாகராஜன் பெண்கள் அறை வாசலில் எட்டிப் பார்த்தான். முப்பத்து நான்கு! திருடியைத் துரத்தியதும் தட்டி எப்படி வேலை செய்கிறது பார் என்று உள்ளுக்குள் ஒரு துள்ளல்.

"யாரு... காசம்மாவா?"

உள்ளேயிருந்து பல் கிட்டிப் போன குரல். குளிர்காய்ச்சலில் படுத்திருந்த கதீஜா. அந்த அறையில் அவள் ஒருத்திதான் நோயாளி.

"காசம்மா வர மாட்டா. இன்னா வேணும்?"

"தண்ணி ஊத்தறத நிறுத்தச் சொல்லுங்க ஐயா. தெனம் மத்தியானமானா எனக்கு நடுக்கம் வரும். அது அடங்கற வரைக்கும் காசம்மா தட்டியக் காய வுட்ருவா. இன்னிக்கு உசுரே போவுது..."

மூன்று நாள் காற்றை அளந்தவன், அந்தக் காற்றில் படுத்திருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

ஓடிப்போய்ப் பச்சையப்பனை நிறுத்தினான். "காசம்மாளைக் கூட்டிக்கிட்டு வா, சீக்கிரம்!"

"எங்கேருந்து கூட்டியாறது? வெடியறதுக்குள்ள புள்ளயத் தூக்கிக்கினு வேலை தேடிப் போயிட்டாளே. வில்லியனூர்ப் பக்கம்னாங்க."

அப்படியானால் காசம்மாள் ஊற்றாமல் மிச்சம் வைத்த தண்ணீர் எங்கே போனது? குழப்பத்தோடே அப்பாவின் அறைக்குள் நுழைந்தான். தெர்மாமீட்டர் முப்பத்தைந்து காட்டியது. தங்கவேல் பாயில் புரண்டு கொண்டிருந்தார்.

"எரியுதுடா... காசம்மா ஏன் இன்னும் வரல?"

"அவளா? நீங்கதானேப்பா அவ ஜன்னலாண்டயே வரக் கூடாதுன்னீங்க?"

கிழவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சொன்னேன். அப்புறம் எரிச்சல் தாங்காம நானே கூப்பிட்டேன். அந்தப் பக்கம் மிச்சமாவுற பத்து குடத்தையும் தெனம் இங்க கொணாந்து ஊத்துவா."

"நான் அவ்வளவு திட்டினேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவ?"

"எப்படிடா சொல்லுவா? வெளிய தெரிஞ்சா என் மானம் போயிடும்னு, அவ புள்ள மேல சத்தியம் வாங்கியிருந்தேனே!"