நம்பர் நூற்று நாற்பத்தேழு

"இன்னைக்கும் வந்திருக்கானாவே?"

மேனேஜர் வரதராஜுக்குக் குரல் பிசிறியது. வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸ் ஜபருல்லா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். நம்பர் 147, சங்கிலிப்பாண்டி, காலை 5.52.

ராஜபாளையம் மில்லில் நூல் ஓட்டிய சங்கிலிப்பாண்டி, மெஷின் பெல்ட்டில் துண்டு சிக்கிச் செத்து இன்றோடு பத்தொன்பது நாள்.

"செத்த அன்னைக்கு வருகையை அழிச்சீரா இல்லையா?"

"நீங்க சொன்னீக, அழிச்சேன். டியூட்டியில இல்லன்னு ரிப்போர்ட்டும் எழுதியாச்சு. மறுவாரத்துல இருந்துதான் சார் இப்படி வருதான்."

"நம்பரையே தூக்கும்!"

"தூக்கிட்டேன் சார். திரும்ப வந்து நிக்கு."

"நேத்து நானே கேட்ல நின்னேன்வே. நூல் சுத்துற ரீலிங் பொம்பளையாளுக வரிசையாப் போறாக. விரல் வைக்கிற மெஷின் 'தேங்க் யூ'ங்குது, பார்த்தா அவன் பேரு! வில்லிபுத்தூர்ல ஆண்டாளுக்கு அர்ச்சனையும் பண்ணிட்டேன். உங்க பள்ளிவாசல்ல ஓதி ஒரு தாயத்தாவது வாங்கியாரும்."

கதவருகே யுவராணி நின்றாள். சங்கிலிப்பாண்டியின் பெண்சாதி, வயிற்றுப்பாட்டுக்கு மறுவாரமே ரீலிங் வேலைக்குத் திரும்பிவிட்டவள்.

"சார், டியூட்டியில செத்தாருன்னு எழுதிக் குடுத்தாத்தான் நஷ்டஈடுங்காக. ரெண்டு பிள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன்?"

வரதராஜ் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார்.

"அவிய ஒருநாள்கூட லீவு போட்டது கிடையாது. வேலைக்கே வரலன்னு எழுதிட்டீக. அந்த ரோசந்தான் சார், தினம் வாராவ போல. நீங்க மாத்துற வரைக்கும் வருவாவ."

பட்டப்பகலில் வரதராஜுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. ஃபேனை நிறுத்தச் சொன்னார். பழைய ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டார். 'பணி நேரத்தில், இயந்திரத்தில் சிக்கி' என்று தன் கையாலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி நீட்டினார்.

"இதோட விட்ருவானாம்மா?"

"சொல்லிப் பார்க்கேன் சார்."

கேட் வரைக்கும் கூடவே வந்த ஜபருல்லா, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தாயி, நாளையில இருந்து ஒரு விரலு மட்டும் வச்சாப் போதும்."

நூலைப் பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்த சங்கிலிப்பாண்டியின் விரலை அந்த மெஷின் ஒருநாளும் ஏற்றதில்லை. நாலு வருஷத்துக்கு முன்பே அவன் நம்பரில் ஜபருல்லா பதிந்து வைத்தது யுவராணியின் இடது கட்டைவிரலை.