சக்கரவர்த்தியின் கண்டுபிடிப்பு

“என் மயில் பார்டர் டிசைனைத் திருடிகினு போயி நெய்யறான். இவனை இன்னிக்கே சங்கத்தை விட்டுத் தூக்கணும்” என்று பட்டு வியாபாரிகள் கூட்டத்தில் மேஜையைத் தட்டினார் சக்கரவர்த்தி.

எதிரே மாணிக்கவேல் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். சங்கம் தள்ளிவைத்தால் ஆரணியில் ஒரு நெசவாளியும் அவருக்குத் தறி ஓட்ட மாட்டார். கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

“டிசைன் உன்னுதுன்னா, நீ போட்ட ஒரிஜினல் எங்கப்பா?” என்று மாணிக்கவேலிடம் கேட்டார் சங்கத் தலைவர் ராமதாஸ்.

“இப்ப எங்கிட்ட இல்லீங்க. அது எல்லாம் போன வருசமே...”

“திருடினவன்கிட்ட எப்படி இருக்கும்?” சக்கரவர்த்தி குறுக்கே விழுந்தார். “எங்கிட்ட பாருங்க, டிசைன் போட்ட கம்ப்யூட்டரே இருக்குது. ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டர் மெஷின் விடாம கணக்கு வெக்கிற சாஃப்ட்வேர். நானே கண்டுபிடிச்சது.”

கண்டுபிடித்த லட்சணம் அவருடைய கம்ப்யூட்டர் ஆபரேட்டர் சிவசங்கரிக்குத்தான் தெரியும். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய ஓப்பன் சோர்ஸ் சரக்கு அது. ‘எழுதினவங்க பேரை மட்டும் எடுக்கக் கூடாதுங்க சார்’ என்று அவள் சொல்லிப் பார்த்தாள். ‘ஓசியில குடுத்தவனுக்குப் பேரு எதுக்கு?’ என்று அழிக்கச் சொல்லிவிட்டு, முதல் பக்கத்தில் தன் பெயரையும் சால்வை போர்த்திய போட்டோவையும் போடவைத்தார். அந்தப் பக்கத்தைத் தாண்டி அவர் பார்த்ததே இல்லை.

கூட்டத்துக்கு வந்திருந்த சிவசங்கரி சுவர்த் திரையில் அதைத் திறந்து காட்டினாள். போட்டோ வந்ததும் இரண்டு பேர் கை தட்டினார்கள். சக்கரவர்த்தி திரைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நின்றார்.

“நாம ஒண்ணும் டைப் அடிக்க வேணாம். எந்த மெஷினை ஆபீஸ் நெட்வொர்க்ல சொருகினாலும் அதுக்குள்ள இருக்கிற பேரை அதுவே படிச்சு ஜல்தியா காட்டிடும்.”

“சார், எல்லா மெஷினையும் காட்டவா?” சிவசங்கரி தயங்கினாள்.

“காட்டும்மா. மறைக்க என்ன இருக்குது?”

ராமதாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “பில்லிங்... குடோன்... கடைசியில இருக்கிறதுதான் நீ மயில் பார்டர் போட்ட மெஷினாப்பா?”

“அதேதாங்க. என் சொந்த லேப்டாப்பு. ஒருத்தனையும் கை வெக்க விடமாட்டேன்.”

“‘மாணிக்கவேல் சில்க்ஸ், டிசைன் ரூம்’னு காட்டுதே.”

சக்கரவர்த்தி சட்டென்று திரையைத் திரும்பிப் பார்த்தார். மாணிக்கவேல் மெல்ல எழுந்தார்.

“போன வருச தீபாவளிக் கூட்டத்துல என் கடையில களவு போன லேப்டாப்புங்க அது.”