தங்க அட்டை

உலகம் சுற்றியவர்களின் கதையில் பெட்டி வரும். பெட்டிக்குள் மடங்கிக் கிடக்கும் துணிப்பையை எவரும் குறிப்பிடுவதில்லை. அப்படி ஒரு துணிப்பை இருந்தாள்; கடலை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது ஒன்றே அவளுடைய ஆசை.

"கோவை, துபாய், பாரிஸ், லிமா, டோக்கியோ," என்று பெட்டி திட்டம் வகுத்தது. "இப்படிச் சுற்றிப் பறந்தால்தான் விமான நிறுவனத்தில் நம் உரிமையாளருக்குப் புள்ளி ஏறும். என் கைப்பிடியில் தங்க அட்டை கட்டுவார்கள்."

"லிமாவில் கடல் இருக்கிறதாமே, அண்ணே?"

"இருந்துவிட்டுப் போகட்டும். நாம் விமான நிலையத்தைத் தாண்டப்போவதில்லை. இறங்குவோம், ஏறுவோம்."

"அட்டை கட்டினால் என்ன கிடைக்கும்?"

"மற்ற பெட்டிகளுக்கு முன்னால் நான் வெளியே வருவேனடி, பட்டிக்காடே!"

"வெளியேதான் போகப்போவதில்லையே, அண்ணே?"

பெட்டி விருட்டென்று ஜிப்பை மூடிக்கொண்டது.

லிமாவில் சோதனைக்காகப் பெட்டியைத் திறந்தார்கள். துணிப்பை சத்தமில்லாமல் மேசைக்கடியில் நழுவினாள்.

பெட்டி தங்க அட்டையோடு கோவைக்குத் திரும்பியது. எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து, உரிமையாளர் பாஸ்போர்ட் வரிசையில் நின்ற நேரமெல்லாம் கன்வேயரில் தனியே சுற்றிக்கொண்டிருந்தது.

துணிப்பையை லிமா விமான நிலையத்தின் துப்புரவுப் பணிப்பெண் ஒருத்தி வீட்டுக்கு எடுத்துப்போனாள். அந்தப் பெண்ணின் தோளில் தொங்கியபடி இவள் தினமும் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போகிறாள். அடிப்பக்கம் சற்றுக் கிழிந்துவிட்டது, மீன் வாடையும் போவதில்லை. கடலை நாள்தோறும் பார்க்கிறாள்.