வக்கீல் வெப்சைட்டில் செருப்புத் தள்ளுபடி

"நாலாவது தடவையா சொல்றேம்மா. என் போன் நம்பர் கடைசியில கிடக்கு. அதை முதல்ல கொண்டு வாங்க."

ஸ்பீக்கரில் வந்த வக்கீலின் குரலைக் கேட்டு, அக்கா தன் எதிரே இருந்த திரையைப் பார்த்தாள். போன் நம்பர் பக்கத்தின் உச்சியில், பட்டை பட்டையான எழுத்தில், சிவப்பாக உட்கார்ந்திருந்தது.

"முதல்லதானே சார் இருக்கு?"

"கேக்கறதுக்கு ஆமா, இல்லைன்னு மட்டும் பதில் சொல்லுங்க. பக்கத்தைத் திறந்து வெச்சுக்கிட்டுத்தான் பேசறீங்களா?"

"ஆமா சார்."

"நானும் இப்பதான் முழுசா பார்த்தேன். கடைசியிலதான் இருக்கு. அப்புறம் ஆரம்பத்துல பட்டன், பட்டன், பட்டன்னு மூணு வருதே, எது எதுக்கு?"

"தபால் கவர் படம் போட்டது மெயிலுக்கு சார். மேப் போட்டது ஆபீசுக்கு வழி. கடிகாரம் போட்டது நீங்க இருக்கற நேரம். சின்னக் குழந்தைக்கும் புரியுமே."

"எனக்குப் புரியலையே. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

போன் வைக்கப்பட்டது.

அக்கா வேலையை உதறிவிட்டு, வீட்டின் முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டரும் தம்பியுமாக வெப்சைட் வடிவமைக்க உட்கார்ந்து மூன்று மாதம் ஆகிறது. வக்கீல்தான் முதல் வாடிக்கையாளர். பழைய அலுவலகத்தில் கூட வேலை பார்த்த ஒருவர் சொல்லி, போனிலேயே வந்த வேலை. ஆளை இன்னும் நேரில் பார்க்கவில்லை. இவரும் போய்விட்டால் திங்கட்கிழமை பழைய மேனேஜர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டியதுதான். அந்த மனிதர் "நான் அப்பவே சொன்னேனே" என்று ஆரம்பிப்பார். அதை நினைத்தாலே அக்காவுக்கு அழுகை முட்டியது.

"கேஷ் கிளியர் பண்ணச் சொன்னியாக்கா?" என்றான் தம்பி. "பிரவுசர் சில சமயம் பழைய பக்கத்தையே பிடிச்சு வெச்சுக்கிட்டு நிக்கும்." இந்தத் தொழிலில் காரணம் தெரியாத வியாதிக்கெல்லாம் இதுதான் முதல் மருந்து.

"மூணு தடவை சொல்லியாச்சு. வேற போன்லயும் பார்த்துட்டாராம்."

"நீ அந்த நம்பரை எப்படி மேல கொண்டு வந்த?"

"இது செருப்புக் கடைக்குன்னு செஞ்சு யாரோ இலவசமா போட்டிருந்த ரெடிமேட் டெம்ப்ளேட்தானே? அதுல போன் நம்பர் கடைசியில இருந்துச்சு. மொத்தத்தையும் பிரிச்சு மேய யாருக்கு நேரம்? சிஎஸ்எஸ்ல ஒரே ஒரு வரி எழுதினேன். நம்பர் எழுதின எடத்துலயேதான் இருக்கும், காட்டறப்ப மட்டும் மேல வந்துடும்."

தம்பி தலையாட்டினான். பக்கத்தில் எழுதியிருப்பதைத் தொடாமல், அதற்குத் தலைவாரிச் சட்டை மாட்டி விடுவதுதான் சிஎஸ்எஸ். அந்த வித்தையில் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. இருந்தாலும் ஒரு சந்தேகத்துக்கு அவள், வடிவமைப்பாளர்கள் கேள்வி கேட்கும் தளங்களில் தேடிப் பார்த்தாள். பதினேழு பதில்கள் கிடைத்தன. பதினேழும் அவள் செய்தது சரி என்றன.

போன் மறுபடி அடித்தது. வக்கீல்தான்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். 'இந்த வாரம் மட்டும் எல்லாச் செருப்புக்கும் பாதி விலை'ன்னு என் பேருக்கு முன்னாடி எழுதினது யாரு?"

அக்கா பக்கத்தை மேலும் கீழும் உருட்டினாள். "எங்க சார் இருக்கு?"

"என்னைக் கேக்கறீங்களா? நான் கோர்ட்டுக்குப் போறவன்மா. செருப்பு விக்கறவன் இல்ல."

அவர் வைத்ததும் இருவரும் மூக்கு இடிக்கிற அளவுக்குத் திரையை நெருங்கித் தேடினார்கள். செருப்பு என்ற சொல்லே கண்ணில் படவில்லை.

"டெம்ப்ளேட்ல இருந்த அந்தச் செருப்பு வரியை நீ அழிக்கலையாக்கா?"

"அழிச்சா மத்ததெல்லாம் கலைஞ்சு போகுதுடா. அதான் இடது பக்கமா பத்தாயிரம் பிக்சல் தள்ளி விட்டேன். திரைக்கு வெளிய எங்கயோ கிடக்கு. அதை யாராலயும் பார்க்க முடியாது."

"அவர் பார்த்துட்டாரே."

அக்காவுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. இருக்கிற நம்பர் அந்த மனிதருக்குத் தெரியவில்லை, இல்லாத செருப்பு தெரிகிறது.

"தொழில் தெரிஞ்ச எவனையோ பக்கத்துல வெச்சிருக்கார்," என்றான் தம்பி. "அவன் நம்ம கோடிங்கைப் பிரிச்சுப் படிச்சுச் சொல்றான். வேலையை அவனுக்குக் குடுக்கத்தான் இவ்வளவு குடைச்சல்."

"மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடாத. லேப்டாப்பை எடு. நேர்ல போய்க் காட்டிடலாம். முகத்துக்கு நேரா வெச்சா ஒத்துக்கிட்டுத்தானே ஆகணும்."

வக்கீலின் ஆபீஸ் இரண்டாவது மாடியில் இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. அகலமான மேஜைக்குப் பின்னால் இருந்தவர், அக்கா தன்னை இன்னார் என்று சொன்னதும் எழுந்து நின்று உட்காரச் சொன்னார். அக்கா உட்காரவில்லை. படியேறும்போதே பேச வேண்டியதை ஒப்பித்துக்கொண்டு வந்தவள், உட்கார்ந்தால் மறந்துவிடுமோ என்று பயந்தாள். லேப்டாப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நம்பர் மேலதானே சார் இருக்கு? ஆமாவா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

வக்கீல் சிரித்தார். "கோவத்துலயும் நியாயமாத்தான் கேக்கறீங்க. உக்காருங்க, சாயங்காலம் ஆக இன்னும் நேரம் இருக்கு. சேர்ந்தே சரி பண்ணிடுவோம்."

பிறகு கையை நீட்டி மேஜையைத் தடவி, லேப்டாப்பின் ஓரம் தட்டுப்பட்டதும் அதை மெதுவாக மூடினார்.

"உங்களைப் பத்தி எனக்குச் சொன்னவர், என்னைப் பத்தியும் உங்ககிட்ட சொல்லியிருப்பார்னு நெனச்சேம்மா. பொறந்ததுலேர்ந்தே எனக்குப் பார்வை கிடையாது, என்னைத் தேடி வர்ற கட்சிக்காரங்கள்லயும் பாதிப் பேர் அப்படித்தான். நீங்க உள்ள என்ன வரிசையில எழுதியிருக்கீங்களோ, அதை எங்க போன் அப்படியே சத்தமா வாசிக்கும், நாங்க கேட்டுக்குவோம்."