கத்தரிக்குத் தண்ணீர்

"இந்த அநியாயத்தைப் பாத்தீங்களா பேகம்மா? மாட்டைக் குளிப்பாட்டுற மாதிரி மாமனாரைக் குளிப்பாட்டுறா!"

கொல்லைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பொருமினாள் லூர்தம்மாள். பக்கத்தில் எதிர்வீட்டு குர்ஷித் பேகம்.

சுவருக்கு அந்தப் பக்கம், கத்தரிப் பாத்திக்கும் மிளகாய்ப் பாத்திக்கும் நடுவே ஒரு கல். கல்லின் மேல், ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துபோன மொக்கைச்சாமி. மருமகள் பொன்னழகு சொம்பு சொம்பாக அவர் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மாமா, செத்த அந்தப் பக்கம் சாஞ்சுக்கங்க. ஓரத்துச் செடிக்குத் தண்ணி பாயலை!"

"கேட்டீங்களா? மனுசன் ஒடம்பை விட அவளுக்குக் கத்தரிக்கா பெருசாப் போச்சு. ஒரு சோப்பு உண்டா, வெந்நி உண்டா? கல்நெஞ்சுக்காரி!"

"தண்ணிக்குப் பஞ்சமா இருக்கில்ல, அதான்..." என்று இழுத்தாள் குர்ஷித் பேகம்.

பஞ்சம்தான். ஐம்பத்தொன்பதாம் வருசக் கோடை. திண்டுக்கல்லுக்குப் பொண்ணு கொடுக்கவே வெளியூர்க்காரர்கள் யோசித்த காலம். பொன்னழகு மூன்று தெரு தாண்டிப் போய், குழாயடியில் மல்லுக்கட்டி, தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகச் சுமந்து வருவாள்.

"பஞ்சம்னா? படுத்த படுக்கையாக் கெடக்கிற மனுசன் என்ன வாய்க்காலா?" லூர்தம்மாள் விடவில்லை. பொன்னழகு கொடுத்தனுப்பிய கத்தரிக்காயில்தான் அன்றைக்கு அவள் வீட்டுக் குழம்பு. அது வேற விசயம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவளுக்கு மனசு பொறுக்கவில்லை. தன் வீட்டுத் தண்ணீரிலேயே இரண்டு குடம், கூடவே ஒரு புதுச் சோப்பு. நேராகப் பொன்னழகு வீட்டுக் கொல்லைக்குப் போய்விட்டாள்.

"இந்தா, இது உன் செடிக்கு. பெரியப்பாவை வீட்டுக்குள்ள வச்சு, வெந்நி போட்டு, மனுசனாட்டம் குளிப்பாட்டு."

பொன்னழகு பதறிப்போனாள். "ஐயோ அக்கா, மெதுவாப் பேசுங்க. அவரு காதுல விழுந்திரப் போகுது!"

"விழட்டுமே! நல்லா விழட்டும்!"

சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு குடத்தைத் தூக்கிக் கத்தரிப் பாத்தியில் மடமடவென்று கவிழ்த்தாள்.

உள்ளே கட்டிலிலிருந்து குரல் வந்தது. "ஏத்தா, யாரு தண்ணி பாய்ச்சுறது?"

"நாந்தான் பெரியப்பா, அடுத்த வீட்டு லூர்து. செடிக்கெல்லாம் ஊத்தியாச்சு. இனிமே நீங்க வெயில்ல உக்கார வேணாம். உள்ளேயே சோப்புப் போட்டு நிம்மதியாக் குளிங்க."

"செடிக்கு ஊத்தியாச்சா? அப்பக் குளிப்பு எதுக்கு? வேணாந்தாயி, என்னைத் தூக்காதீங்க."

பொன்னழகு தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு நிமிசம்தான். சட்டென்று குரலை உயர்த்தினாள்.

"மாமா! அக்கா மெளகாப் பாத்தியை விட்டுட்டாங்க. வாடிக் கெடக்கு!"

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? பூப் பிடிக்கிற நேரத்துல வாட விடலாமா? தூக்கு, தூக்கு!"

இரண்டு பேருமாகத் தாங்கிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். லூர்தம்மாள் சோப்பை நீட்டினாள்.

"சோப்பா? செடி வெந்து போகும், எடு அங்கிட்டு!" என்று சீறினார் கிழவர். மற்றபடி அவருக்கு ஏகக் குஷி. தண்ணீர் விழ விழ, "அந்த மூலைக்கு விடு... ஆங், இப்பப் பாயுது" என்று பொக்கை வாயால் சிரித்தார்.

லூர்தம்மாளின் கண் அவர் முதுகில் நின்றது. உள்ளங்கை அகலத்துக்கு நாலைந்து தழும்புகள்.

துவட்டி, வேட்டி மாற்றி, கட்டிலில் படுக்க வைத்ததும் பொன்னழகைக் கொல்லைக்கு இழுத்து வந்தாள்.

"முதுகுல என்னடி அது?"

"படுக்கைப் புண்ணுக்கா. இப்பத்தான் ஆறுச்சு. தை மாசம் ஊர்ல, எரியோட்டுல, இவரு தோட்டத்துக் கெணறு வத்துச்சு. அதோட இவருக்கும் கை காலு விழுந்திருச்சு. இங்க கூட்டியாந்தோம். இருவது நாளு, மேல ஒரு சொட்டுத் தண்ணி படவிடலை."

"ஏனாம்?"

"'நீ இம்புட்டுத் தூரம் சொமந்துட்டு வர்ற தண்ணிய, உழைக்காத ஒடம்புல ஊத்திச் சாக்கடைக்கு விடணுமா'ன்னு அழுவாருக்கா. புண்ணுல சீழ் வச்சுப் போச்சு. தெனமும் குளிக்கலைன்னா உசுருக்கே ஆபத்துன்னுட்டாரு டாக்டரு. காலைப் பிடிச்சேன், பட்டினி கெடந்தேன். மனுசன் மசியலை."

"பெறகு எப்பிடிடி சம்மதிச்சாரு?"

"வெள்ளாமை பாத்த சம்சாரி மனுசன், பயிருக்குப் போற தண்ணிய வேணாம்னு சொல்லுவாரா? அவரைக் குளிக்க வைக்கத்தான்க்கா இந்தக் கத்தரியே போட்டேன்."