பழைய இன்ஜினுக்கு ஒரு கையெழுத்து

"இன்ஜின மாத்தறதுன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிடுங்க" என்றாள் தனக்கொடி.

இதைக் கேட்கவேண்டிய ஆள், அவளுடைய அண்ணன் கன்னியப்பன், நாலடி தள்ளிப் பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் மெக்கானிக் கலைவாணன் கழுத்தைத் திருப்பி, "போட மாட்டாங்களாம்" என்றான்.

"ஏனாம்?" என்று கன்னியப்பன் கலைவாணனைப் பார்த்துக் கேட்டார்.

கழுத்து மறுபடி இந்தப் பக்கம் திரும்பியது. "ஏனாம்?"

அண்ணனுக்கும் தங்கைக்கும் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இன்றைக்கு இருவரையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தது அந்தக் கிழட்டு மினி டிராக்டர்தான். பெண்கள் பெயரில் வாங்கினால் மானியம் கூட என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கன்னியப்பன் முன்பு தங்கை பெயரில் வாங்கிய வண்டி. இன்ஜினை மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் நம்பரை மாற்ற வேண்டும். நம்பரை மாற்ற அவள் கையெழுத்து வேண்டும்.

கையெழுத்து வேண்டுமானால் வண்டி மேட்டுப்பாளையத்தில் கலைவாணன் பட்டறைக்குத்தான் வர வேண்டும் என்று அவள் கறாராகச் சொல்லி அனுப்பிவிட்டாள். கன்னியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு பாகூரிலிருந்து வண்டியை லோடு வேனில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கலைவாணனுக்குக் கழுத்திலும் வலி.

இன்ஜினுக்கு வயசாகிவிட்டது, அதில் சந்தேகம் இல்லை. டீசலைவிட ஆயிலைத்தான் ஆசையாகக் குடிக்கிறது. பிரித்து, சிலிண்டரைக் கடைந்து போர் வேலை பார்த்து, பிஸ்டனும் ரிங்கும் புதிதாகப் போட்டுக் கட்டலாம். மூன்று வாரம் இழுக்கும், கன்னியப்பன் சாமான் வாங்கவும் வேலையைப் பார்க்கவும் அடிக்கடி வந்து போக வேண்டியிருக்கும்.

இல்லையென்றால் மூலையில் கிடக்கிற வேறொரு இன்ஜினைத் தூக்கி வைக்கலாம். நாளைச் சாயங்காலமே வண்டி கிளம்பிவிடும். வண்டியோடு அண்ணனும் கிளம்பிவிடுவார். அதன் பிறகு அவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க ஒரு காரணமும் இருக்காது. இது கலைவாணனுக்குத் தெரியும். தனக்கொடிக்கு அவனைவிட நன்றாகத் தெரியும்.

"எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்களேன்" என்றார் கன்னியப்பன்.

"ரெண்டுமே நல்லதுதாங்க" என்று கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாகக் கலைவாணன் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றப் போய்விட்டான். சர்க்கரை எவ்வளவு என்று கன்னியப்பனிடம் கேட்டான். தனக்கொடியிடம் கேட்கவில்லை.

டீ உள்ளே போனதும் கன்னியப்பனுக்கு ஆத்திரம் வெளியே வந்தது.

"இந்த இன்ஜினாலதான் என் குடும்பமே ரெண்டா போச்சு. வாரத்துக்கு ஒருக்கா ஏர் புடிச்சிக்கினு நடுக் கழனியில நின்னுச்சே, அது ஒழுங்கா ஓடியிருந்தா எனக்கு ஏன் இந்தக் கதி? காயலாங்கடையில போடணும்னு சொல்லுங்க!"

அது உண்மைதான். டீசல் பைப்புக்குள் காற்றுப் புகுந்தால் இன்ஜின் பொசுக்கென்று நின்றுவிடும். அப்போதெல்லாம் கலைவாணன்தான் பைக்கில் முக்கால் மணி நேரம் ஓட்டிப் பாகூர் வரை போய், காற்றை எடுத்துவிட்டு, ஓட வைத்துவிட்டு வருவான்.

"அது நின்னதுல ஒரு தப்பும் இல்லன்னு சொல்லுங்க" என்றாள் தனக்கொடி. "அத வெளிய தூக்கிப் போட நான் வுட மாட்டேன்."

இதை எப்படித் திருப்பிச் சொல்வதென்று கலைவாணனுக்குத் தெரியவில்லை. "கடைசியா ஒருக்கா ஓட்டித்தான் பாத்துடலாங்களே" என்று பேச்சை மாற்றினான்.

கன்னியப்பன் சீட்டில் ஏறிச் சாவியைத் திருகினார். வண்டி இருமியது, கமறியது, பிறகு தகரக் கூரை அதிரத் தடதடவென்று பிடித்துக்கொண்டது. பட்டறை முழுக்கப் புகை.

கன்னியப்பன் ஏதோ சொன்னார். கலைவாணன் காதில் விழவில்லை. தனக்கொடி ஏதோ சொன்னாள். அதுவும் விழவில்லை. தூதுவனுக்கு வேலை போய்விட்டது.

திடீரென்று சத்தம் தடுமாறியது.

"அண்ணா! ஆக்ஸிலேட்டரக் குடு! நின்னுடப் போவுது!"

"குடுத்துக்கினுதாம்மா இருக்கேன்!"

இன்ஜின் நின்றுவிட்டது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடப் பாவமே, நாலு வருஷ விரதம் ஒரு ஆக்ஸிலேட்டரில் போயிற்று.

கன்னியப்பன் மெதுவாக இறங்கித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெறும் புகைக்கு அத்தனை நேரம் துடைக்க வேண்டியதில்லை. தனக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் யாரையும் பார்க்காமல் வாசல் வரைக்கும் நடந்தார்.

வாசலில் நின்று திரும்பினார்.

"மாத்த வேணாம். பிரிச்சே கட்டிடுங்க."

தனக்கொடிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கன்னியப்பன் இன்னும் போகவில்லை.

"ஆனா ஒண்ணு. முன்னெல்லாம் எங்க வூட்டுலேர்ந்து கெளம்பும்போது டீசல் பைப்பு நட்ட லேசா லூசாக்கி வுட்டுட்டு வருவீங்களே, இப்பவும் அப்படியே வுட்டுடுங்க மாப்ள. அப்பத்தான் ரெண்டு பேரும் வூட்டுப் பக்கம் வருவீங்க."

கலைவாணன் கையிலேயே இருந்த ஸ்பேனரைத் தரையெல்லாம் தேட ஆரம்பித்தான்.

"எந்த நட்டுங்க?" என்றாள் அவன் பெண்டாட்டி.